புதிய இணைய ஆர்.பி.ஜி. விளையாட்டு பழையவற்றுக்கு ஈடுகொடுக்குமா?

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரும் நண்பர்களுமாக ஏழு பேர் ஒரு பழைய இணைய ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டில் கில்டு, அதாவது சேர்ந்து ஆடும் நிலையான குழு, அமைத்துச் சில ஆண்டுகளாகச் சேர்ந்து ஆடிவருகிறார்கள். அவர்களில் இருவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். ஒருவர் கீழக்கரைக்காரர், அவருடைய அண்ணன் துபாயில் வேலை பார்த்துக்கொண்டே அதே கில்டில் ஆடுகிறார். இப்போது புதிய விளையாட்டு ஒன்று வரப்போகிறது. பழைய பெரிய விளையாட்டுகளையெல்லாம் அது ஓரங்கட்டிவிடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அது உண்மையிலேயே ஈடுகொடுக்குமா, ஏழு பேரும் மாறிவிடலாமா, மாறினால் பழைய கணக்குகளை விற்றுவிடலாமா என்பவை தம்பியின் மூன்று கேள்விகள்.

ராமநாதபுரத்தில் கணினியும் கைப்பேசியும் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இவ்வகை விளையாட்டுகளை நெடுங்காலமாக ஆடியும் கவனித்தும் வருகிறேன். வரப்போகும் விளையாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆண்டுதோறும் வேறு வேறு பெயரில் இதே வாக்குறுதியுடன் ஒன்று வருவதால், பெயர் இல்லாமல் எழுதினால் அடுத்து வருவதற்கும் இந்தப் பதில் பொருந்தும். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பழையதை வீழ்த்தும் என்ற பொருளில் அது ஈடுகொடுக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழையதன் பக்கத்திலேயே தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் நன்றாக வாழ முடியும். அப்படி வாழ்ந்தவை எவை, வாழாதவை எவை என்று பார்த்தால், விளையாட்டின் அழகும் அளவும் அதைத் தீர்மானிக்கவில்லை என்பது தெரியும்.

பல்லாயிரம் பேர் ஒரே உலகில் ஒரே நேரத்தில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் பெருவழக்கானது 1997இல் வெளியான அல்டிமா ஆன்லைன் மூலம். 1999இல் எவர்குவெஸ்ட் வந்தது. அமெரிக்காவில் அது பெரிய பெயர் எடுத்தபோதும், உச்சத்தில்கூட அதன் சந்தாதாரர்கள் 5 இலட்சத்தைச் சுற்றியே இருந்தார்கள். 2004 நவம்பரில் பிளிஸார்டு நிறுவனம் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை வெளியிட்டது. 2010 அக்டோபரில் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 1.2 கோடியைத் தாண்டிவிட்டது. புதியது பழையதை முந்திய மிகப் பெரிய நிகழ்ச்சி இதுவே என்பதால், விளம்பரம் எழுதுகிறவர்கள் ஒவ்வொருவர் மனத்திலும் இதுவே இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: எவர்குவெஸ்ட் ஆடியவர்கள் ஒருவர் விடாமல் மாறியிருந்தாலும் 1.2 கோடியில் அவர்கள் சிறு பங்குதான். வார்கிராஃப்ட் வென்றது பழைய விளையாட்டின் ஆட்களைப் பறித்ததால் அன்று. அதுவரை இவ்வகை விளையாட்டையே தொடாதவர்களை உள்ளே கொண்டுவந்ததால் வென்றது.

அது எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். எவர்குவெஸ்ட் விளையாட்டில் செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி பறிபோகும். உடைமைகள் பிணத்தோடு கிடக்கும். குழு இல்லாமல் நெடுந்தூரம் முன்னேற முடியாது. வார்கிராஃப்ட் விளையாட்டில் செத்தவர் ஆவியாக இடுகாட்டிலிருந்து ஓடிவந்து தன் உடலை அடைந்தால் போதும். தனியாளாகவே கடைசி லெவல் வரை போகலாம். அரைமணி நேரம் கிடைத்தாலும் ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைக்குச் சாதாரண வீடுகளில் இருந்த கணினியிலேயே அது ஓடியது. எவர்குவெஸ்டை நடத்திய அதே நிறுவனம் அதன் இரண்டாம் பாகத்தை வார்கிராஃப்டுக்கு இரண்டு வாரம் முன்பே வெளியிட்டிருந்தது; காட்சி நுணுக்கத்தில் அது மேலானது; அந்த நுணுக்கத்தைக் காட்ட விலை உயர்ந்த கணினி தேவைப்பட்டது. முதலில் வந்ததும் பெயர் பெற்ற வீட்டிலிருந்து வந்ததும் அதைக் காப்பாற்றவில்லை. எங்கள் கடற்கரைக்கு இந்த வரலாற்றில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. பின்னால் அதற்கு வருகிறேன்.

வார்கிராஃப்டுக்குப் பிறகு வந்தவர்கள் தவறான இடத்தில் போட்டியிட்டார்கள். இருக்கிற கூட்டத்தைப் பறிக்கவேண்டும் என்று நினைத்தார்கள். 2008இல் வார்ஹேமர் ஆன்லைன் வந்தது. 2013 டிசம்பரில் மூடப்பட்டது. 2014 ஜூனில் வைல்ட்ஸ்டார் வந்தது. வார்கிராஃப்டின் தொடக்க காலத்தில் இருந்த 40 பேர் குழுவாகச் சேர்ந்து பெரிய எதிரிகளோடு மோதும் கடும் ரெய்டுகள் திரும்ப வேண்டும் என்று ஏங்கியவர்களை நம்பி, அத்தகைய ரெய்டுகளையும் அவற்றுக்குள் நுழைவதற்கே நீண்ட தகுதிப் படிகளையும் அது அமைத்தது. அப்படி ஏங்கியவர்களின் எண்ணிக்கை ஒரு விளையாட்டைத் தாங்கப் போதவில்லை. அடுத்த ஆண்டே அது இலவசமானது. 2018 நவம்பரில் நின்றுபோனது.

இவற்றுள் அதிகம் கவனிக்கத்தக்கது 2011 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக். உலகம் முழுவதும் தெரிந்த கதையுலகம், பெரிய நிறுவனத்தின் பணம், ஒவ்வொரு பாத்திர வகைக்கும் தனிக்கதை, ஒவ்வொரு உரையாடலுக்கும் நடிகர் குரல் என்று எதிலும் குறை வைக்காமல் செய்தார்கள். மூன்று நாளில் 10 இலட்சம் பேர் சேர்ந்தார்கள். 2012 தொடக்கத்தில் 17 இலட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு மார்ச் முடிவில் அது 13 இலட்சமாகக் குறைந்தது. நவம்பரில் இலவசமாக ஆடும் முறைக்கு மாறியது. விளையாட்டு மோசமானதாக இருந்ததால் இப்படி நடக்கவில்லை. பல ஆண்டு உழைத்து எழுதிய கதையை ஆட்டக்காரர்கள் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். முடித்தபின், ‘இனி என்ன செய்வது’ என்ற கேள்விக்கு விடையாக வார்கிராஃப்டில் ஏழாண்டு விடை சேர்ந்திருந்தது. இங்கே சில மாத விடைதான் இருந்தது. அது இன்றும் நடந்துவருகிறது, தனக்கென ஒரு கூட்டத்துடன். ஈடுகொடுக்கவில்லை, அழியவும் இல்லை.

இதிலிருந்து ஒரு கணக்கு எழுகிறது. எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது. புதிய விளையாட்டு, பழையதன் முதல் நாளோடு போட்டியிடுவதில்லை. பழையதன் இன்றைய நாளோடு போட்டியிடுகிறது. பழையது தன் தொடக்கத்தில் செய்த பிழைகள் எல்லாம் இந்நேரம் திருத்தப்பட்டிருக்கும், வரைபடங்கள் பெருகியிருக்கும், எந்தப் பாத்திரம் பலவீனம், எந்தப் பொருளுக்கு என்ன விலை என்பதெல்லாம் பல இலட்சம் பேர் ஆடிப்பார்த்துத் தேறியிருக்கும். புதியது தன் முதல் நாளிலேயே அந்த நிலையில் நிற்கவேண்டும் என்று ஆட்டக்காரர் எதிர்பார்க்கிறார். எவ்வளவு பணம் கொட்டினாலும் பத்தாண்டுத் திருத்தத்தை ஓராண்டில் செய்ய முடியாது. வார்கிராஃப்டைச் செய்த பிளிஸார்டு நிறுவனமே டைட்டன் என்ற பெயரில் அடுத்த பெருவிளையாட்டைப் பல ஆண்டுகள் உருவாக்கிவிட்டு, அது கைவிடப்பட்டது என்று 2014இல் அறிவித்தது. தன்னுடைய விளையாட்டுக்குத் தானே ஈடு செய்ய அந்த நிறுவனத்தாலேயே முடியவில்லை.

அடுத்து, ஆட்கள் ஏன் நகர்வதில்லை என்ற கேள்வி. செலவழித்த பணமும் சேர்த்த பொருளும் ஒரு காரணம். அவற்றைவிடப் பெரிய காரணம் கூட இருப்பவர்கள். தம்பியின் ஏழு பேரையே எடுத்துக்கொள்வோம். புதிய விளையாட்டுக்குப் போக ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி விருப்பம் இருக்கிறது என்றும் ஒருவர் முடிவை மற்றவர் பாதிக்கவில்லை என்றும் வைத்துக்கொண்டால், ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் போக மனம் வரும் வாய்ப்பு 128இல் ஒன்று. நண்பர்கள் ஒருவரையொருவர் இழுப்பார்கள் என்பதால் உண்மையில் வாய்ப்பு இதைவிடக் கூடும். ஆனால் அதே நட்பு பழைய இடத்திலும் இழுத்துப் பிடிக்கும். ஒருவர் தயங்கினால் ஆறு பேர் தயங்குவார்கள். பழைய விளையாட்டு மேலானது என்று யாரும் நினைக்காவிட்டாலும் அதிலேயே எல்லோரும் இருந்துவிடுவது இப்படித்தான் நிகழ்கிறது.

இந்தப் பிணைப்பின் வலிமைக்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற விளையாட்டு 2012 நவம்பரில் மூடப்பட்டது. ஆடியவர்கள் விடவில்லை, தாங்களாகவே சர்வர் (விளையாட்டு உலகத்தை இயக்கும் கணினி) அமைத்து அதை உயிரோடு வைத்திருந்தார்கள், 2024 ஜனவரியில் உரிமை வைத்திருந்த நிறுவனமே அவர்களில் ஒரு குழுவுக்கு முறைப்படி உரிமம் கொடுத்தது. மற்றொன்று சீனாவில் நடந்தது. அங்கே வார்கிராஃப்டை நடத்திவந்த நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்ததால் 2023 ஜனவரியில் சர்வர்கள் நின்றன. ஒன்றரை ஆண்டு கழித்து 2024இல் அவை திரும்பத் திறந்தபோது கூட்டமும் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆடுவதற்குப் புதியவை ஏராளம் இருந்தன. அவை எதுவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

புதிய விளையாட்டைக் கொல்லும் இன்னொரு காரணம், அதன் திறப்பு நாள் வெற்றிதான். அமேசான் நிறுவனத்தின் நியூ வேர்ல்டு 2021 செப்டம்பரில் வெளியானபோது, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஆடினார்கள். சர்வருக்குள் நுழையவே மணிக்கணக்கில் வரிசை நின்றது. வரிசையைக் குறைக்க மேலும் மேலும் சர்வர்கள் திறக்கப்பட்டன. அடுத்தடுத்து, தங்க நாணயத்தையும் பொருள்களையும் நகலெடுத்துப் பெருக்கிக்கொள்ளும் ஓட்டைகள் வெளிப்பட்டன. விளையாட்டுக்குள் நடந்த வணிகத்தையே நிறுத்திவைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சில மாதங்களில் பெரும்பகுதியினர் விலகிவிட்டார்கள். திறப்பு நாளுக்காகத் திறந்த சர்வர்கள் ஆளில்லாமல் கிடந்தன, ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 2025 அக்டோபரில், இனிப் புதிய உள்ளடக்கம் வராது என்று அந்நிறுவனமே அறிவித்துவிட்டது.

ஆள் குறைவது சந்தா வருமானத்தை மட்டும் பாதிப்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். நியூ வேர்ல்டில் ஒரு பகுதியைக் கைப்பற்ற நடக்கும் போருக்கு இரு பக்கமும் ஐம்பது ஐம்பது பேர் வேண்டும். நம் ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: இரண்டு கயிற்றிலும் போதிய ஆள் நிற்காவிட்டால், வந்திருப்பவர்கள் எவ்வளவு வலியவர்களாக இருந்தாலும் வலை கரைக்கு வராது. விலகிப்போனவரால், விலகாமல் இருப்பவருடைய ஆட்டமும் கெடுகிறது. அதனால் அவரும் விலகுகிறார். தனியாளாக ஆடும் விளையாட்டில் இந்தச் சங்கிலி கிடையாது. ஆகவே ஒரு புதிய விளையாட்டைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, அதில் சுவையான பகுதியை ஆட எத்தனை பேர் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறார்கள் என்பதே. நாலைந்து பேர் போதும் என்றால் அது நெருக்கடியான காலத்தைத் தாங்கும். ஐம்பது பேர் வேண்டும் என்றால், கூட்டம் பாதியாகும் அன்றைக்கே அதன் சிறந்த பகுதி நின்றுவிடும்.

ஐஸ்லாந்து நாட்டிலிருந்து 2003இல் வந்த ஈவ் ஆன்லைன் இந்தச் சிக்கலை வேறு வழியில் தவிர்த்தது. சீனாவுக்கு வெளியே உள்ள அனைவரையும் ஒரே உலகில் வைத்தது. தனித்தனி சர்வர் என்பது இல்லாததால், குறைந்த ஆட்களோடு தொடங்கியபோதும் உலகம் வெறிச்சோடவில்லை. மெல்ல மெல்லத்தான் வளர்ந்தது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தில் நடந்த போரில் 7,500க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் பங்குகொண்டன. ஏறத்தாழ 21 மணி நேரம் அது நீடித்தது. இவ்வளவு பேர் மோதும்போது சர்வர் திணறாமலிருக்க, விளையாட்டுக்குள் காலத்தையே மெதுவாக்கும் ஏற்பாட்டை அதற்குமுன்பே செய்து வைத்திருந்தார்கள். வார்கிராஃப்டை முந்த அது முயலவே இல்லை. வார்கிராஃப்டில் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தது, அவ்வளவுதான். இருபதாண்டு கடந்து இன்றும் இருக்கிறது.

இனி, உண்மையாகவே பெரியவற்றுக்கு ஈடாக எழுந்து நின்ற ஒன்றைச் சொல்கிறேன். என் மனத்துக்கு மிக நெருக்கமான வரலாறும் இதுதான். ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பரில் ஃபைனல் ஃபேன்டஸி 14 விளையாட்டை வெளியிட்டது. அது படுதோல்வி. திரை ஊர்ந்தது, பட்டியல்களைத் திறக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது, எங்கே போவது என்று தெரியவில்லை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மாதக் கட்டணம் வாங்குவதைத் தள்ளிப்போட்டது. டிசம்பரில் நவோகி யோஷிதா என்பவரைப் பொறுப்பில் அமர்த்தியது. அவர் ஒரு துணிவான முடிவெடுத்தார். ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டைத் திருத்திக்கொண்டே, பின்னணியில் முற்றிலும் புதிதாக ஒன்றைக் கட்டுவது என்பது அது. 2012 நவம்பரில் பழைய உலகத்தின் மீது வானிலிருந்து ஒரு நிலவு விழுவதாகக் காட்டி, அந்தப் பேரழிவையே கதையின் பகுதியாக்கி, சர்வர்களை நிறுத்தினார்கள். 2013 ஆகஸ்டில் புதிய வடிவம் திறந்தது. 2021 டிசம்பரில் அதற்கு வந்த கூட்டத்தைச் சர்வர்கள் தாங்காமல், விளையாட்டை விற்பதையே சில வாரங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது.

இந்த வெற்றி எப்படி வந்தது என்பதை யோஷிதா மறைத்ததில்லை. வார்கிராஃப்டையும் மற்றவற்றையும் ஆடிக் கற்றுக்கொண்டதாக வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். புதிய பகுதி வரும்போது வந்து ஆடுங்கள், முடித்ததும் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு விளையாட்டுகளுக்குப் போங்கள், பிறகு திரும்பி வாருங்கள் என்பது அவர் பலமுறை சொன்ன கருத்து. ஆட்டக்காரரைக் கட்டிப்போடாமல் நம்பிய இந்த மனப்பான்மையைத்தான் அதன் எந்தக் காட்சி அழகையும்விட உயர்வாக நான் மதிக்கிறேன். ஒரே பாத்திரம் எல்லாத் தொழில்களையும் கற்கலாம் என்ற ஏற்பாடும் அதே மனப்பான்மையின் விளைவு. ஆனால் இதையெல்லாம் செய்ய, தன் பெயரைக் காப்பாற்ற மூன்றாண்டு நட்டத்தைத் தாங்கும் உடைமையாளர் தேவைப்பட்டார். புதிய விளையாட்டு ஈடுகொடுக்குமா என்ற கேள்வியில் பாதி, அதன் முதலாளி யார், முன்பு இப்படிப்பட்ட நெருக்கடியில் அவர் என்ன செய்தார் என்ற கேள்விதான். சிட்டி ஆஃப் ஹீரோஸும் வைல்ட்ஸ்டாரும் மூடப்பட்டபோது இரண்டும் ஒரே கொரிய நிறுவனத்தின் கையில்தான் இருந்தன.

இவ்வளவு பெரிய முதலீடு இல்லாமலும் வாழ வழியுண்டு. பிரிட்டனின் ஜாகெக்ஸ் நிறுவனம் தன்னுடைய ரூன்ஸ்கேப் விளையாட்டின் 2007ஆம் ஆண்டு வடிவத்தை, ஆட்டக்காரர்கள் கேட்டதற்காக வாக்கெடுப்பு நடத்தி, 2013இல் தனி விளையாட்டாகத் திறந்தது. புதிதாக எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் வாக்களித்தோரில் 75 விழுக்காட்டினர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தது. 2018இல் கைப்பேசிக்கும் வந்தது. கணினியில் விட்ட இடத்திலிருந்து கைப்பேசியில் தொடரலாம். ஆல்பியான் ஆன்லைன் 2017இல் வந்தது. 2021இல் கைப்பேசியைத் தொட்டது. 2023இல் ஆசியாவுக்கெனத் தனி சர்வர் பெற்றது. இரண்டிலும் காட்சிகள் மிக எளியவை. என் கடைக்கு வரும் பையன்களின் கைப்பேசிகளில் சூடாகாமலும் திணறாமலும் ஓடுபவை இத்தகையவையே. 4 ஜிபி நினைவகம் உள்ள கைப்பேசியில், பளபளப்பான புதிய விளையாட்டு பதினைந்து நிமிடத்தில் கையைச் சுடும். பிறகு தானாகவே வேகம் குறையும். வார்கிராஃப்ட் சாதாரணக் கணினியில் ஓடியதால் வென்றது என்று முன்னால் சொன்னது இங்கே வந்து பொருந்துகிறது. எங்கள் பக்கத்தில் கைப்பேசிதான் அந்தச் சாதாரணக் கணினி.

அடுத்தது பிங், அதாவது நம் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர 6,400 கிலோமீட்டர் என்றால் 32 மில்லிநொடி. ராமேசுவரத்திலிருந்து சென்னை வரையிலான வழி, இடையிலுள்ள கருவிகள், கைப்பேசிக் கோபுரத்தின் தாமதம் எல்லாம் இதன்மேல் சேரும். மும்பையில் சர்வர் இருந்தால் இன்னும் குறையும். ஐரோப்பாவில் என்றால் கேபிள் வழி ஒரு பக்கத்துக்கே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் ஆகும். அந்தத் தொலைவில் எந்த நிறுவனமும் எந்த ரீசார்ஜும் போய்வரும் நேரத்தை ஏறத்தாழ 100 மில்லிநொடிக்குக் கீழே கொண்டுவர முடியாது. இயற்கை விதித்த எல்லை அது. எதிரியைத் தொட்டுக் குறிவைத்துவிட்டால் அடி தானாக விழும் வகை விளையாட்டில் இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். குதித்து விலகி, வெட்டைத் தடுத்து ஆடும் வகையில் பொறுக்க முடியாது. இப்போது வருபவை பெரும்பாலும் இரண்டாம் வகையே. ஆகவே இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ சர்வர் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக்கூடாது. துபாய் அண்ணனுக்கும் மும்பை சர்வர் சிக்கலில்லாத தொலைவுதான்.

தம்பியின் குழுவுக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இன்றைய புதிய விளையாட்டுகள் பலவும் தினசரி வேலைகளைச் சுற்றியே கட்டப்படுகின்றன: நாள்தோறும் வந்து கையெழுத்துப் போட்டால் பரிசு, ஒருநாள் தவறினால் தொடர் அறுந்து பின்தங்கல். மாலையில் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் நகரவாசியை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. விசைப்படகில் போகிற தம்பிகள் இருவரும் கடலில் இருக்கும் இரவில் சிக்னல் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களுக்கு நேரம் நிறையக் கிடைக்கும். தடை முடிந்தபின் வாரத்தில் சில இரவுகள்தான். தினசரிப் பரிசை நம்பும் விளையாட்டில், தடைக்காலத்தில் முன்னேறியதெல்லாம் ஜூலைக்குள் கரைந்துவிடும். கூட இருப்பவர்களுக்கும் அவர்களுக்கும் லெவல் இடைவெளி விழும். பிறகு சேர்ந்து ஆட முடியாது. வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ரெய்டு முறையோ, தவறவிட்டதைப் பின்னால் ஈடுசெய்துகொள்ளும் ஏற்பாடோ உள்ள விளையாட்டு இந்தக் குழுவுக்குப் பொருந்தும். கில்டு கூடும் நேரத்தை முடிவு செய்வது எளிது: துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கீழக்கரைத் தம்பி இஷா தொழுகை முடித்து வந்து, அண்ணன் வேலைவிட்டு அறைக்குத் திரும்பும் நேரம் இரவு பத்து மணிக்குப் பொருந்திவரும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதச் சந்தா உள்ள விளையாட்டில் செலவு முன்கூட்டியே தெரியும். இலவசம் என்று வருவதில், எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். உடைக்கும் அலங்காரத்துக்கும் கேட்டால் நல்லது. வலிமைக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் குலுக்கல் பெட்டிக்கும் கேட்டால், சில மாதத்தில் பணம் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே ரெய்டில் இடம் இருக்காது. ஸ்டீம் தளத்தில் விலைகொடுத்து வாங்கினால், வாங்கிய 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆடியிருக்கும் நிலையில் திருப்பிக் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். பிங்கைச் சோதிக்க அந்த இரண்டு மணி நேரம் தாராளம்.

ஆகவே இரண்டாம் கேள்விக்கு என் பதில்: ஏழு பேரும் திறப்பு நாளில் போகவேண்டாம். இருவர் மட்டும் போகட்டும். ஒருவர் கணினியிலும் ஒருவர் சாதாரணக் கைப்பேசியிலும் ஆடட்டும். முதல் மாதக் கூட்டத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லாஸ்ட் ஆர்க் 2022 பிப்ரவரியில் ஸ்டீமில் திறந்தபோது ஒரே நேரத்தில் 13 இலட்சம் பேர் இருந்தார்கள், அப்படியொரு உச்சம் எந்த விளையாட்டிலும் நிலைக்காது, எல்லாமே இறங்கும். இறக்கம் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். மூன்றாம் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை நின்றால் அந்த விளையாட்டு தன் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று கொள்ளலாம். அது சிறியதாக இருந்தாலும் கவலையில்லை. அதே காலத்தில் திருத்தங்கள் எத்தனை நாளுக்கொருமுறை வருகின்றன, ஆட்டக்காரர்கள் சொன்ன குறை அடுத்த திருத்தத்தில் தீர்ந்திருக்கிறதா என்பதையும் அந்த இருவரும் பார்த்துவரட்டும். எல்லாம் சரியாக இருந்தால் தடைக்காலம் தொடங்கும்போது மற்ற ஐவரும் சேரலாம். ஏழு பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒரே லெவலில் முன்னேற ஆண்டில் அதைவிடப் பொருத்தமான நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

பழைய கணக்குகளை விற்கவேண்டாம். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் விதிகளும் கணக்கு விற்பனையைத் தடைசெய்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கு முடக்கப்படும், வாங்கியவர் உங்களிடம் வந்து நிற்பார். கணக்கோடு உங்கள் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் பணம் கட்டிய விவரமும் சேர்ந்தே போகும் ஆபத்தும் உண்டு. விற்காமல் வைத்திருக்க எந்தச் செலவும் இல்லை. சந்தா கட்டும் விளையாட்டாக இருந்தால் சந்தாவை நிறுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றி இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். கில்டின் தலைமையைத் துபாய் அண்ணன் பெயருக்கு மாற்றிவையுங்கள். பல விளையாட்டுகளில் தலைவர் நீண்ட நாள் வராவிட்டால் கில்டின் பொறுப்பு வேறு உறுப்பினருக்குத் தானாகப் போய்விடும்; உங்களில் தவறாமல் இணையத்துக்கு வரக்கூடியவர் அவர்தான்.